முந்திரியின் ஆமென்

"ஆ—"

சத்தம் வெளியே வந்த பிறகுதான், அது தன் தொண்டையிலிருந்து வந்தது என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்தது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இனிமேல் பொத்தி என்ன, பொத்தாவிட்டால் என்ன?

பாட்டறையில் யாரும் அசையவில்லை. ஒரு கணம். இன்னொரு கணம். அப்புறம் பெண்கள், ஆண்கள், உச்சிக் குரல், அடிக் குரல் என்று அத்தனை பேரும் ஊசி நுழைய இடமில்லாமல் ஒரே மூச்சில் "ஆமென்" என்று எழும்பினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டு முடிந்தது.

பாட்டை நடத்தும் மேடம் அதுவரை மூடியிருந்த கண்களைத் திறந்தார்.

"முந்திரி!"

"இருக்கேன் மேடம்."

"நீங்க இருக்கீங்கன்னுதான் தெருவுக்கே தெரிஞ்சுபோச்சே!"

முந்திரி என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அடிக்குரல் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் தையல்காரர் வைத்தது. வந்து சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் முந்திக்கொண்டு பாடினார், அதனால் முந்திரி. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் மேடத்துக்கே அவருடைய சொந்தப் பெயர் மறந்துவிட்டது.

பாட்டு லத்தீன். எந்தக் காலத்திலோ துறவிகள் எழுதிவைத்த துதி. இருட்டு விலகட்டும், வெளிச்சம் வரட்டும், நாங்கள் வழி தவறாமல் இருக்கட்டும் என்று கடவுளிடம் கேட்கிற பாட்டு. பிற்பாடு ஒரு மேதை அதை எடுத்து நாலு குரலுக்குப் பிரித்து அமைத்திருந்தார். நாலும் ஒன்றை ஒன்று துரத்தும், பின்னிக்கொள்ளும், ஏறி ஏறி உச்சிக்குப் போகும். போய், அங்கே டக்கென்று நின்றுவிடும். முழு மௌனம். அதற்குப் பிறகு கடைசியாக ஒரு "ஆமென்".

வில்லங்கம் எல்லாம் அந்த மௌனத்தில்தான்.

பாட்டுத் தாளில் அந்த இடத்தின் மேல் ஒரு சின்ன வளைவு போட்டு, வளைவுக்குள் ஒரு புள்ளி வைத்திருந்தது. பார்த்தால் அரைக்கண் திறந்து நம்மையே முறைப்பது போல இருக்கும். இத்தனை நேரம் என்று கணக்கு இல்லை, வேண்டுகிற வரைக்கும் சும்மா இரு என்று அதற்கு அர்த்தம். யார் வேண்டுகிற வரைக்கும்? அதுதான் யாருக்கும் தெரியாது. மற்றக் கோஷ்டிகளில் நடத்துகிறவர் கையை உயர்த்திக் காட்டுவார், எல்லாரும் பாடுவார்கள். இங்கே மேடம் அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

மேடம் பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நாள் முழுக்க எண்ணிட்டு வரேன், இங்கயும் நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லணுமா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "மௌனத்துக்குக் கைகாட்டினா அது மௌனமே இல்லை, டிராஃபிக் சிக்னல். நான் கண்ணை மூடிக்குவேன். நீங்க எல்லாரும் உள்ளுக்குள்ள உணர்ந்து, ஒண்ணா வரணும்."

எல்லாரும் உணர்ந்தார்கள். ஒன்றாக வந்தார்கள். முந்திரி மட்டும் முன்னாலேயே வந்துவிடுவார்.

அதில் அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. லிஃப்ட் வேலையில் சத்தம் இருந்தால் நிம்மதி, சத்தம் நின்றால் கோளாறு. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அமைதியானால், எங்கேயோ இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். உடனே குரல் கொடுக்க வேண்டும். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்!" இத்தனை வருஷமாகக் கொடுத்துக் கொடுத்து, அமைதி என்று ஒன்று வந்தாலே அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

பாட்டுக்கு அவர் வந்ததும் லிஃப்ட் வழியாகத்தான். பாட்டறை இருந்த பழைய கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த ஒரு சாயங்காலம், தலையைக் குழிக்குள் நீட்டி கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் பாடிய நாலு குரலும் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, ஒன்றாகக் கலந்து, அவர் மண்டையைச் சுற்றி நின்றன. எண்ணெய்க் குப்பி கையிலேயே இருந்தது. 'இது என்ன பாட்டு? இதை மனுஷங்களா பாடுறாங்க?' என்று அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. நேராக மேலே போய்க் கதவைத் தட்டினார்.

"ஆம்பளை அடிக்குரல் கிடைக்கிறதே குதிரைக்கொம்பா இருக்கு. உள்ளே வாங்க" என்று மேடம் எண்ணெய்க் கையோடு பிடித்து நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து மனுஷன் ஆளே மாறிப்போனார். வேலை விட்டு வந்து சோபாவில் சாய்ந்து தூங்கிவிடுகிறவர், இப்போது லத்தீன் வரிகளைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். அவர் மனைவிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும், அந்த நடையைப் பார்க்கப் பிடித்திருந்தது. பிடிக்காத ஒரே ஆள் மனைவியின் அண்ணன்.

"மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக்குக்கு லத்தீன் எதுக்கு? மேல போற பட்டனை லத்தீன்ல அழுத்தப் போறீங்களா?" என்று வரும்போதெல்லாம் கேட்பார். இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய பதவி. எதிலும் நடக்கப்போகிற கெடுதலைத்தான் முதலில் பார்ப்பார்.

நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. நகர அரங்கத்தில் மேடை, விளக்கு, டிக்கெட் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அன்று பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த முந்திரி செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்.

"முடிவு பண்ணிட்டேன். மேடையிலயும் நான் அந்த இடத்துல முந்திட்டா, அதோட சரி. இனிமே பாட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"என்னங்க இது, இவ்வளவு ஆசையா போயிட்டு..."

"ஆசை இருந்தா போதுமா? அத்தனை பேர் கஷ்டப்பட்டுக் கட்டுற கோபுரத்தை நான் ஒத்தை 'ஆ'வுல இடிச்சுடறேன். அவங்க நல்ல மனுஷங்க, வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை. அதுக்காக நானும் சொரணை இல்லாம நிக்க முடியுமா?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவளுக்குத் துக்கமாக இருந்தது. சோபாவில் சாய்ந்து தூங்குகிற அந்தப் பழைய மனுஷனை அவள் திரும்பப் பார்க்க விரும்பவில்லை.

"அப்போ மத்தவங்க எப்படி சரியா வர்றாங்கன்னு கேட்டுப் பாருங்களேன்."

அட! அதைக் கேட்கத் தோன்றவே இல்லையே. கணக்கும் இல்லை, கையும் காட்டவில்லை. பின்னே எதைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் ஒன்றாகக் குதிக்கிறார்கள்? அந்தக் கேள்வி அவர் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. எந்த யந்திரமாக இருந்தாலும் திறந்து உள்ளே பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

மறுநாள் தையல்காரரைக் கடையில் போய்ப் பிடித்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். அந்த மௌனத்துல எப்போ பாடணும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"அது வந்து... பட்டன்."

"பட்டனா?"

"ஆமா. மௌனம் வந்ததும் மனசுக்குள்ள ஒரு பட்டன் தைப்பேன். நாலு ஓட்டை. ஊசி மேல, கீழ, மேல, கீழ. முடிச்சுப் போடணும். நூலை அறுக்கணும். அறுத்ததும் ஆமென்."

"அடேங்கப்பா! இவ்வளவு விஷயம் இருக்கா!"

"பின்னே? சும்மாவா?" என்று தையல்காரர் வேறு எங்கோ பார்த்துச் சொன்னார்.

முந்திரி வீட்டுக்குப் போய் மனைவியின் ஊசிநூல் டப்பாவைத் திறந்தார். மனசுக்குள் பட்டன் தைக்க வேண்டுமானால் முதலில் கையால் தைக்கத் தெரிய வேண்டுமே. வீட்டில் இருந்த சட்டைகளில் எல்லாம் தேவையில்லாத இடங்களில் பட்டன் முளைத்தது. ஒரு சட்டையின் முதுகில்கூட ஒன்று இருந்தது.

அடுத்த பயிற்சியில் பாட்டு உச்சிக்கு ஏறி நின்றது. மௌனம். முந்திரி மனசுக்குள் ஊசியைக் கோத்தார். மேல, கீழ. கையும் கூடவே மேலும் கீழும் போனது அவருக்குத் தெரியவில்லை. முடிச்சுப் போட்டார். நூலைப் பல்லால் அறுத்தார். 'டக்' என்று பல் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதன் பின்னாலேயே, "ஆ—"

ஒரு கணம். இன்னொரு கணம். எல்லாரும் ஒன்றாக "ஆமென்."

"முந்திரி!" என்றார் மேடம். "முன்னாடி 'ஆ' மட்டும்தான் வரும். இப்போ எதையோ கடிச்சுட்டு வேற வருது!"

முன்வரிசையில் நின்ற பல் டாக்டரம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என் கிளினிக்ல இவ்வளவு நல்லா யாரும் 'ஆ' காட்டினதே இல்லை." அவர் சிரித்த சிரிப்பு மாறாமல், உதடும் அசையாமல் பேசுவார். பகல் முழுக்க முகமூடிக்குள்ளேயே பேசிப் பழகிய வாய்.

அடுத்து மருந்துக்கடைக்காரர். மேல்குரல் பாடுகிறவர், எதற்கும் ஒரு மாத்திரை வைத்திருப்பவர்.

"பட்டனா? சேச்சே, அதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்றார் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி. "நான் வந்து... எச்சில் முழுங்குறதை வெச்சுத்தான். மௌனத்துல ஒரு தடவை முழுங்குவேன், தொண்டை காலியாகும், உடனே ஆமென். உங்களுக்கு அது கஷ்டம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்தத் தொண்டை மிட்டாயை நாக்குக்கு மேல வெச்சுக்கோங்க. வாய்க்குள்ள ஆள் இருந்தா சத்தம் எப்படி வெளியே வரும்?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. முந்திரி இருப்பதிலேயே பெரிய மிட்டாயாகப் பார்த்து வாங்கினார். பயிற்சியின்போது மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு உச்சி வரை பாடிவிட்டார். மௌனம் வந்ததும் நாக்கால் அதை நடுவுக்குத் தள்ளினார். சத்தம் வெளியே வர வழியில்லை. ஆனால் 'ஆ'வுக்கு வழி தெரியாமல் இருக்குமா? மிட்டாயையும் தள்ளிக்கொண்டு வந்தது. அது விர்ரென்று பறந்து பல் டாக்டரம்மாவின் கொண்டையில் போய்க் குந்திக்கொண்டது.

"ஆ—" என்றார் முந்திரி.

"ஐயோ!" என்றார் டாக்டரம்மா.

ஒரு கணம். இன்னொரு கணம். "ஆமென்."

கொண்டையிலிருந்து மிட்டாயைப் பிய்த்தெடுக்க இடைவேளை முழுக்க ஆனது. முந்திரி பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, மனசு கேட்காமல் இதையும் கேட்டார்.

"டாக்டரம்மா, நீங்க எதை வெச்சு வர்றீங்க?"

டாக்டரம்மாவின் முகம் ஒரு நொடி ஒரு மாதிரி ஆனது. "எதைன்னா? மூச்சுதான். நல்லா ஆழமா இழுத்து, அடிவயித்துல பிடிச்சு வெச்சுக்கணும். அது தானா சொல்லும்."

முந்திரி இழுத்தார். மறு தடவை பாடும்போது உச்சியில் இழுத்த மூச்சை அடிவயிற்றில் பிடித்துவைத்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. விக்கல்தான் வந்தது. அன்று முதன்முறையாக மௌனத்தில் "ஹிக்" என்று ஒன்றும், அதன் பின்னே வழக்கமான "ஆ"வும் விழுந்தன. மேடம் நெற்றியை மட்டும் தேய்த்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட முந்திரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒருவர் பட்டன் என்கிறார், ஒருவர் எச்சில் என்கிறார், ஒருவர் மூச்சு என்கிறார். மூன்றும் மூன்று நீளம். ஆனால் மூன்று பேரும் வந்து விழுவது ஒரே இடத்தில். இது எப்படி? முந்திரி எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கடைசிப் பயிற்சிக்கு முந்தின பயிற்சியன்று, கிளம்பப் போகும் நேரத்தில் போன் வந்தது. ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். வேலை வேலைதான். பாட்டுத் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்துவைத்துக்கொண்டு ஓடினார்.

மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்கு ஏறி, மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்தார். இப்படி மெதுவாகச் சுற்றித்தான் கேபினை அடுத்த மாடிக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே இருப்பவரோடு பேசுகிற போன் பக்கத்தில் திறந்தே இருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று அதிலிருந்து ஒரு நடுங்கின குரல்.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்! கொண்டு வந்துட்டே இருக்கேன்!"

சக்கரம் ஒரே சீராகச் சுற்றியது. சுற்றுகிற தாளத்துக்கு வாய் தானாகவே லத்தீனை முணுமுணுத்தது. பயிற்சிக்குப் போக முடியாத ஏக்கம் வேறு. பாட்டு ஏறியது, முணுமுணுப்பு பாட்டாகவே ஆகிவிட்டது. உச்சிக்குப் போய் நின்றார். 'சரி, இங்கே யார் இருக்கா? மௌனத்தை ஒரு தடவை பழகிப் பார்ப்போம்' என்று தோன்றியது.

"ஹலோ? ஹலோ? ஏன் பாட்டு நின்னுபோச்சு? என்ன ஆச்சு?" என்றது போன்.

முந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஐயா! ஏதாவது பேசுங்களேன்!"

அவ்வளவுதான் தாங்க முடிந்தது. "ஆமென்" என்று அடிக்குரலில் முழங்கிவிட்டார்.

போனில் ஒரு அலறல். "எனக்கு ஏன்யா ஆமென் சொல்றே? கயிறு அறுந்துபோச்சா? நான் போயிடுவேனா? யாருய்யா நீ?"

அந்த அலறல் எங்கேயோ கேட்ட அலறலாக இருந்தது.

"மச்சானா?"

"மாப்பிள்ளையா?"

"ஆமா மச்சான். கயிறெல்லாம் நல்லா இருக்கு. அது பாட்டு மச்சான், பாட்டு."

"வெளியே வந்து வெச்சுக்கறேன் உங்களையும் உங்க பாட்டையும்!"

கேபின் மாடிக்கு நேராக வந்து உட்கார்ந்தது. முந்திரி பிரேக்கை இறுக்கிவிட்டு, படியிறங்கி ஓடி, கதவுச் சாவியை ஓட்டையில் நுழைத்தார். திருப்புவதற்கு முன் ஒரு கணம். உள்ளே மச்சான் பேசவில்லை. மாடி வந்துவிட்டது என்று கதவிடுக்கு வெளிச்சத்தில் அவருக்கும் தெரிந்திருக்கும். வெளியே முந்திரியும் பேசவில்லை. சாவி கையில் இருந்தது. எல்லாம் அமைதி.

அப்போதுதான் முந்திரிக்கு உறைத்தது. இதுவும் அமைதிதானே? வாய் ஏன் திறக்கவில்லை? குரல் கொடுக்க வேண்டும் என்று துடிக்கவே இல்லையே! அந்த அதிசயத்தை உற்றுப் பார்த்தபடி அங்கேயே நின்றார். இது நடுவழியில் மாட்டிக்கொண்ட அமைதி இல்லை. வந்து சேர்ந்துவிட்ட அமைதி. ஆள் பத்திரம், மாடி வந்தாச்சு, கதவு திறக்க வேண்டியதுதான் பாக்கி. இதில் பதற என்ன இருக்கிறது? அந்தப் பாட்டு உச்சிக்குப் போய் நிற்பதும் இப்படித்தானோ? இத்தனை நாளும் அதை நான் பழுது என்று நினைத்துக்கொண்டா அலறினேன்?

"மாப்பிள்ளை," என்றது உள்ளே இருந்து. "திறக்கிற உத்தேசம் உண்டா?"

வெளியே வந்த மச்சான் டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "நிகழ்ச்சிக்கு எனக்கு ஒரு டிக்கெட் வேணும். முன்வரிசையில. உயிரோட இருக்கிறவனுக்கு ஆமென் சொல்ற பாட்டு எதுன்னு நான் பார்த்தே ஆகணும்."

மறுநாள் தையல்காரரைப் பார்த்தபோது முந்திரி கேட்டார். "நேத்து நான் வரலையே, அந்த இடம் எப்படிப் போச்சு?"

"அந்த இடமா? அங்க வரைக்கும் பாடலையே. மேடத்துக்குத் தலைவலி."

மருந்துக்கடைக்காரர், "கரண்ட் போயிடுச்சு சார்" என்றார்.

டாக்டரம்மா உதடு அசையாமல், "பியானோல ஏதோ கோளாறு" என்றார்.

முந்திரி பெருமூச்சு விட்டார். அவர் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லை. தான் இல்லாத அன்றைக்கு அந்த இடம் அப்பழுக்கில்லாமல் வந்திருக்கும். தன் மனசு நோகக் கூடாது என்று ஆளுக்கொரு பொய் சொல்கிறார்கள். எவ்வளவு நல்ல மனுஷங்க! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய் மேடத்தைப் பார்த்தார். "மேடம், மேடையில நான் ஒதுங்கிக்கறேனே. நீங்கல்லாம் நிம்மதியா பாடுங்க."

மேடத்தின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. "அதெல்லாம் முடியாது! நீங்க கண்டிப்பா வரணும்."

"இல்லை மேடம், என்னால உங்களுக்கு..."

"ஜுரம் வந்தாலும் வரணும். ஆட்டோ அனுப்பறேன். புரிஞ்சுதா?"

இப்படி ஒரு பெருந்தன்மையை முந்திரி எங்கேயும் கண்டதில்லை. இந்த மனுஷிக்காகவாவது ஒரே ஒரு தடவை சரியாகப் பாடிக் காட்டிவிட வேண்டும் என்று அங்கேயே சபதம் எடுத்துக்கொண்டார். கடைசிப் பயிற்சியில் வேண்டுமென்றே வழக்கம்போல விட்டுவிட்டார். கண்டுபிடித்த வித்தையை அங்கேயே காட்டினால் மேடைக்கு என்ன மிச்சம்? "ஆ—" என்றார். ஒரு கணம், இன்னொரு கணம், "ஆமென்." மேடம் ஏனோ அன்று திட்டவில்லை. நிம்மதியாகக்கூட இருந்த மாதிரி தெரிந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் எல்லாருக்கும் கறுப்பு உடை. முந்திரியின் சட்டையில் மட்டும் தேவைக்கு அதிகமாக இரண்டு பட்டன். முன்வரிசையில் மனைவி இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மச்சான், கையைக் கட்டிக்கொண்டு, எங்கே காட்டு பார்ப்போம் என்பது போல.

மேடம் கையை உயர்த்தினார். பாட்டு கிளம்பியது. முந்திரியின் குரல் கனிந்து வந்தது. நாலு குரலும் பின்னின, துரத்தின. அன்று லிஃப்ட் குழிக்குள் தலையைச் சுற்றி நின்ற அதே பாட்டு, இன்று தானும் அதற்குள்ளே ஒருவன். இதை இழந்துவிட்டு வீட்டுக்குப் போய் சோபாவில் சாய முடியுமா? ஏறியது, ஏறியது, உச்சிக்கு வந்தது. நின்றது.

மேடம் கண்ணை மூடினார். கைகள் அப்படியே காற்றில் நின்றன.

முந்திரியின் தொண்டைக்குள் 'ஆ' வந்து வாசலில் நின்றது. அதனிடம் அவர் நிதானமாகச் சொன்னார்: 'பொறு. யாரும் மாட்டிக்கலை. மாடி வந்தாச்சு. சாவி கையில இருக்கு. எல்லாரும் சேர்ந்து திறப்போம்.' 'ஆ' தயங்கியது. அப்புறம் அடங்கி உள்ளே போய்விட்டது.

அடடா! ஜெயித்துவிட்டார். வாய் மூடியிருந்தது. சத்தம் இல்லை. அந்த மௌனம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று முதன்முறையாகக் கேட்டார். இதோ, இப்போது எல்லாரும் வருவார்கள். தானும் கூடச் சேர்ந்து வரலாம்.

யாரும் வரவில்லை.

சரி, மேடையில் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. முந்திரி காத்திருந்தார். பக்கத்தில் தையல்காரரின் காதோரம் ஒரு வியர்வைத் துளி இறங்கியது. மருந்துக்கடைக்காரர் எச்சிலை விழுங்கினார், மறுபடி விழுங்கினார், திரும்பவும் விழுங்கினார். மேடத்தின் மூடியிருந்த கண்களில் ஒன்று மட்டும் மெல்லத் திறந்து, நேராக முந்திரியைப் பார்த்தது.

நான் முந்திவிடுவேனோ என்று பயப்படுகிறார், பாவம். முந்திரி அவருக்குத் தைரியம் சொல்லும் விதமாக உதட்டை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, புன்னகை செய்தார்.

மௌனம் நீண்டது. தையல்காரரின் முழங்கை அவர் விலாவில் இடித்தது. சபாஷ் சொல்கிறார் என்று நினைத்து முந்திரி தலையசைத்தார். வரிசை வரிசையாகத் தலைகள் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் திரும்பின. இத்தனை பேரும் தன்னை மெச்சுவதைப் பார்த்து அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

கீழே அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை, ஒரு செருமல் இல்லை. இப்படி ஒரு ஆழ்ந்த மௌனத்தை அங்கே யாரும் கேட்டதில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மெதுவாக எழுந்து நின்றார். அவரைப் பார்த்து பின்வரிசைகளும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

மேடத்தின் இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. அவை கெஞ்சின. முந்திரி 'கவலையே படாதீங்க, சாகும்வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்' என்று கண்ணாலேயே பதில் சொன்னார்.

அப்போது மேடையின் முன்வரிசையிலிருந்து, திரும்பாமல், சிரித்த முகம் மாறாமல், உதடு அசையாமல் பல் டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"முந்திரி சார், உங்க 'ஆ' எங்கே சார்? அது வந்ததும் ரெண்டு எண்ணித்தானே நாங்க அத்தனை பேரும் பாடுறோம், மேடம் உள்பட!"